கலைத்துப் போட்ட சதுரங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. மஹ்தியா என்ற துறைமுக ஊரில், கடலோரக் கல்லறைகளுக்குப் போகிற தெருவில், நசீஹா வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. அந்த மூன்று நீலத் தாள்களையும் நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

இருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இதில் ராத்திரிக்கே வேலை கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் நடந்தது. வெயில் இல்லையென்றால் நடந்தே இருக்காது.

நசீஹாவின் தொழில் நீலப்படம் போடுவது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை வாங்கிக்கொள்வாள். அதில் வெள்ளையைக் கறுப்பாக்கி, கறுப்பை வெள்ளையாக்கி, சாதாரண பிரிண்டரில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடிப்பாள். அதுதான் நெகட்டிவ். தடித்த காகிதம் ஒன்றில் இரண்டு மருந்துகளைக் கலந்து பூசிக் காயவைப்பாள். மேலே நெகட்டிவை வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டுவாள். பிறகு தண்ணீரில் அலசினால் படம் நீலமாக எழுந்து வரும். கல்யாண ஜோடிகள், பிள்ளை பெற்றவர்கள், விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அவளிடம் வருவார்கள்.

ஃபிலிமில் மை எங்கே அதிகமோ அங்கே வெயில் நுழையாது, காகிதம் வெள்ளையாக நிற்கும். மை இல்லாத இடம் கருநீலமாகும். ஆகவே எந்தச் சாயலுக்கு எவ்வளவு மை என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பிரிண்டருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் கணக்கை மை வளைவு என்பார்கள். வளைவு பிசகினால் மாப்பிள்ளையின் சட்டை பளிச்சென்று இருக்கும், மாப்பிள்ளை முகம் அடுப்புக்கரியாக இருக்கும்.

வளைவைச் சரிபார்க்க ஒரு சோதனை ஃபிலிம் உண்டு. பதினாறுக்குப் பதினாறு சதுரங்கள், வெளுப்பு முதல் கருமை வரை எல்லாச் சாயலும் அதில் இருக்கும். ஆனால் வரிசையாக இருக்காது. கம்ப்யூட்டர் அவற்றைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போடும். மருந்து ஒரு மூலையில் கூடக்குறையப் பூசியிருந்தாலும் கணக்கு ஏமாறக் கூடாதே, அதற்காக. அச்சான தாளை ஸ்கேனரில் வைத்தால் எந்தச் சாயல் வெளிறியது, எது கறுத்தது என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப மையைக் கூட்டிக் குறைத்து வளைவைத் திருத்த வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதிக்கதை உங்களுக்குப் புரிந்துவிடும்.

வளைவு போடுவது தம்பி கஸ்ஸேனின் வேலையாக இருந்தது. தண்ணீரும் மருந்தும் அக்காவுக்கு, மையும் கணக்கும் தம்பிக்கு. தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தது இரண்டு அக்காள்களும்தான். அவனுக்குக் காதுகள் இரண்டும் விரிந்து நிற்கும். மூத்தவள் மொன்ஜியா அவனை ஜாடி என்றே கூப்பிடுவாள், இருபுறமும் பிடி வைத்த ஜாடி. கெட்டுப்போன ஃபிலிம் ஒன்றைக்கூட அவன் தூக்கிப்போட மாட்டான். ஸ்கூட்டர் சீட்டின் கிழிசலை ஃபிலிம் வைத்து ஒட்டுவான். ரொட்டியை ஃபிலிமில் சுற்றுவான். போன் நனையாமல் இருக்க ஃபிலிமில் உறை செய்வான். கல்யாணப் பெண்ணுக்கும் இவன் ஃபிலிமில்தான் உடுப்பு தைப்பான் என்று மொன்ஜியா வாய் ஓயாமல் கேலி செய்வாள்.

அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஃபிலிமில் மை உள்ள பக்கம் காகிதத்தோடு படிய வேண்டும். மங்கலான மஞ்சள் பல்பில் எது எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் மூலையில் சின்னதாக வெட்டி, விரலால் தடவித் தெரிந்துகொள்வார்கள். நசீஹா நேராக ஒரு வெட்டு வெட்டுவாள். கஸ்ஸேன் மட்டும் நகம் வெட்டும் கத்தரியால் குட்டியாக ஒரு மீன் வெட்டுவான். மீன் இருந்தால் கண்ணேறு அண்டாது என்பது இந்த ஊர் வழக்கம். கதவில் மீன், கழுத்தில் மீன், தொட்டிலில் மீன். கஸ்ஸேனுக்கு ஃபிலிமிலும் மீன்.

அவன் போனது அக்டோபரில், ஒரு மத்தியான வேளையில்.

மாடியில் ஜன்னலை அட்டையால் அடைத்த சின்ன அறைக்குள் நசீஹா காகிதத்துக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. மெதுவாக இரண்டு, சற்று விட்டு ஒன்று. அது அவன் தட்டுகிற விதம்.

“சின்னக்கா, கதவைத் திற.”

“இருடா. தாள் ஈரமா இருக்கு. திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் பாழாயிடும்.”

“ஒரு நிமிஷம்தான்.”

“காயட்டும்டா. அப்புறம் வா.”

பிறகு, “சரிக்கா, காயட்டும்” என்றான். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

அன்றிரவே அவன் தெற்கே போய் இத்தாலிக்குப் படகேறிவிட்டான் என்பது மறுநாள் அவன் நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு சேதி இல்லை. படகு கரை சேர்ந்ததா என்று சொல்லக்கூட ஆளில்லை. நசீஹா அந்தக் கதவை நினைக்காத நாளே கிடையாது. நான்கு தாள் மருந்துக்காகத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று என்னிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள்.

அக்காள் தங்கைக்குள் சண்டை தொடங்கியது அதன் பிறகுதான். மொன்ஜியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்பதாம் நாள் குஸ்குஸ் என்கிற ரவைச்சோறு ஆக்கி நாலு பேருக்குப் போட்டு, ஓத வேண்டியதை ஓதிவிடலாம் என்றாள். நசீஹா பாத்திரத்தைப் பிடுங்கி முற்றத்தில் வைத்தாள். உடம்பைக் காட்டு, நாற்பதாம் நாளை நடத்துகிறேன் என்றாள். இத்தாலியில் ஏதாவது சிறையில் இருப்பான், போனைப் பிடுங்கியிருப்பார்கள், வருவான். அப்படித்தான் அவள் நம்பினாள். நம்பினாள் என்பதைவிட, பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம்.

ஜூன் கடைசியில் காணாமல் போனவர்களின் வீட்டார் எல்லாம் தலைநகரில் கூடுவதாக இருந்தது. பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி, எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். படத்தை ஏந்தி நிற்பவள், என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்கிறாள் என்று அர்த்தம். நசீஹா அங்கே போய் நிற்க முடிவு செய்தாள்.

அவளிடம் இருந்த கடைசிப் படம் மாடியில் அந்தி நேரத்தில் போனில் எடுத்தது. பின்னால் வானம் வெளுப்பு, முகம் முழுக்க நிழல். சாதாரணமாக அச்சடித்தால் இரண்டு காதும் ஒரு கரும்பந்தும்தான் வரும். அந்த நிழலுக்குள்ளிருந்து கண்ணையும் சிரிப்பையும் வெளியே எடுக்க, மை வளைவு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும்.

அதற்குள் பழைய மை தீர்ந்துவிட்டது. அதே மை ஊரில் கிடைக்கவில்லை, வேறு மை வாங்கி ஊற்றினாள். மை மாறினால் பழைய வளைவு உதவாது. ‘சின்னக்காவுக்கு’ என்று கஸ்ஸேன் பெயர் வைத்துவிட்டுப் போன வளைவு அது. அதை அவள் அழிக்கவில்லை. நகல் எடுத்து, நகலைத் திருத்த உட்கார்ந்தாள். கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

முதல் சோதனைத் தாள் திங்கட்கிழமை.

நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் அவள் மாடியில் கணவாய் மீன்களை வரிசையாகக் கயிற்றில் காயப்போட்டிருந்தார். நிழல் விழாமல் சற்றுத் தள்ளிச் சட்டத்தை வைத்து வெயில் காட்டினாள். உள்ளே எடுத்துப் போய் அலசினாள். சதுரங்கள் வந்தன, ஆனால் கண்டபடி வந்தன. கருநீலமாக வரவேண்டியவை சில நடுவில் வெளிறிக் கிடந்தன. மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள்.

அலசிய தண்ணீர் பட்ட விரலைத் தெரியாமல் உதட்டில் வைத்தாள். கரித்தது.

குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான். மருந்தின் ருசி என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்த மருந்து கரித்ததே இல்லை...

எண்களைப் பார்த்து வளைவைத் திருத்தினாள். புதன்கிழமை இரண்டாவது சோதனை. கம்ப்யூட்டர் சதுரங்களைப் புதிதாகக் கலைத்துப் போட்டிருந்தது. புது ஃபிலிம், புதுக் காகிதம், புதிதாகக் கரைத்த மருந்து.

அலசி எடுத்துக் கிளிப்பில் மாட்டினாள். பழைய தாளைப் பக்கத்தில் மாட்டினாள்.

வெளிறல் அதே இடங்களில் இருந்தது.

இது நடக்கவே முடியாத விஷயம். சதுரங்கள் இடம் மாறிவிட்டன. மை பிசகென்றால் வெளிறலும் கூடவே இடம் மாறியிருக்க வேண்டும். காகிதக் கோளாறென்றால் இரண்டு காகிதத்திலும் ஒரே இடத்தில் எப்படி வரும்? கண்ணாடியைத் துடைத்தாள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஃபிலிமில் ஒரு குறையும் இல்லை, எல்லாச் சதுரமும் தத்தம் இடத்தில் இருந்தன.

மூலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது மொன்ஜியா சாப்பாட்டுத் தட்டோடு படியேறி வந்தாள். தாளெல்லாம் காய்ந்துவிட்டதால் கதவு திறந்துதான் இருந்தது.

“கண்ணு உள்ள போயிடுச்சுடி உனக்கு. ரெண்டு நாளா ரொட்டியைத் தொடல. இந்தா, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது நிறைய வெச்சிருக்கேன், மூக்குல தண்ணி வந்தாலாவது...”

பேச்சு அப்படியே நின்றது. மொன்ஜியா வாசலில் நின்று, அறையின் மறுகோடியில் தொங்கிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் படம் எப்ப எடுத்தது?”

“எந்தப் படம்?”

“ஜாடி படம்தான்.”

“அக்கா, அது சதுரம். மை பார்க்குற சோதனைத் தாள். படமே கிடையாது.”

“என் தம்பி காது எனக்குத் தெரியாதா?” என்றாள் மொன்ஜியா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “இங்க வந்து நின்னு பாரு.”

நசீஹா எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பினாள்.

கிட்டத்தில் வெறும் சதுரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால்... நெற்றி, கன்னம், இருபுறமும் விரிந்த காது. தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள். இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“கண்ணு மூடியிருக்குடி” என்றாள் மொன்ஜியா.

நசீஹா தாளைக் கிளிப்பிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். உனக்குக் குஸ்குஸ் ஆக்க ஒரு காரணம் வேண்டும், அதனால் எதைப் பார்த்தாலும் பிணமாகத் தெரிகிறது என்று அக்காவிடம் கத்தினாள். மொன்ஜியா தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள். மறுபேச்சு பேசாமல் மொன்ஜியா இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முழுக்க நசீஹா அந்த அறைக்குள் போகவில்லை. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. படம் இல்லாமல் வெறுங்கையோடு போய் நிற்பதா? வெள்ளிக்கிழமை மறுபடி ஏறினாள்.

குழாய்த் தண்ணீரை நம்பாமல் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தாள். கதவைச் சாத்தினாள். மஞ்சள் பல்பைப் போட்டாள். ஒரு தாளுக்கு மட்டும் மருந்து பூசினாள். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு. தாள் மேஜையில் ஈரமாகக் கிடந்தது. ஃபிலிமைக்கூட இன்னும் அச்சடிக்கவில்லை.

வெளியே மத்தியான ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்தார்கள்.

அமைதி.

பிறகு...

டொக். டொக்.

சற்று விட்டு... டொக்.

நசீஹாவின் கையில் தூரிகை நின்றது. கணவாய்க்காரராக இருக்கும் என்று நினைத்தாள். அவர் தட்டமாட்டார், கத்துவார். மொன்ஜியாவா? மொன்ஜியா தட்டுவதே கிடையாது.

கடல் வாசனை வந்தது. வெளியிலிருந்து இல்லை. அறைக்குள்ளிருந்து.

டொக். டொக்.

... டொக்.

தாள் ஈரமாக இருந்தது. திறந்தால் பாழ். எட்டு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்று இதைத்தானே யோசித்தாள்?

யோசிக்கவில்லை. ஓடினாள்.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவை விரியத் திறந்தாள்.

வெயில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

யாரும் இல்லை.

மாடி முழுக்க வெயில். கணவாய்கள் ஆடாமல் தொங்கின. படியில் யாரும் இல்லை.

“கஸ்ஸேன்” என்றாள். “உள்ள வாடா. திறந்துட்டேன். வா.”

கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்கு அப்போது பயமே வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். வந்துவிட மாட்டானா என்றுதான் இருந்ததாம்.

திரும்பிப் பார்த்தாள். மேஜையில் கிடந்த தாள் வெளிச்சம் பட்டுச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. அதன் மேல் ஃபிலிம் இல்லை, எதுவுமே இல்லை. வெறுந்தாள். இனி அலசினால் ஒரே நீலமாகத்தான் வரும், குப்பைக்குத்தான் போகும். பழக்கதோஷத்தில் எடுத்து அலசும் தட்டில் போட்டுப் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள்.

நீலம் வந்தது.

நீலத்துக்குள் சதுரம் வந்தது.

ஒன்று... இன்னொன்று... வரிசை வரிசையாக...

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டும்வரை நகர்ந்தாள்.

தண்ணீருக்குள் அவன் படுத்திருந்தான்.

கண் மூடி. முடி நெற்றியில் ஒட்டி. இரண்டு காதும் விரிந்து.

தாளின் மேல் மூலையில், வெள்ளை ஓரத்தில், நீலமாக ஒரு குட்டி மீன்.

அவன் போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஃபிலிமில் மீன் வெட்டியதில்லை.

நசீஹா அலமாரியிலிருந்து பழைய ஃபிலிம் கோப்பை எடுத்தாள். தம்பியும் அவளுமாகப் போட்ட முதல் வளைவின் சோதனை ஃபிலிம், அவன் மீன் வெட்டிய முதல் ஃபிலிம், அதன் உறைக்குள் இருக்க வேண்டும். உறை காலியாக இருந்தது. எட்டு மாதமாக அவள் அந்த உறையைத் திறக்கவில்லை.

அவன்தான் எடுத்துப் போயிருக்கிறான். ஒரு நிமிஷம்தான் என்று கதவைத் தட்டினானே, அப்போதே அது அவன் பையில் இருந்திருக்கும்.

பிரிண்டர் மைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். ஃபிலிம் நனைந்தால் மை கரைந்து போகும். எந்தச் சதுரம் முதலில் கரையும், எது கடைசிவரை நிற்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அவள் ஐந்து நாளாகத் திருத்திக்கொண்டிருந்தது தன் மையின் பிசகையே இல்லை, கடலில் நனைந்த அவன் ஃபிலிமின் பிசகை.

கூட்டத்துக்கு அவள் போகவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை, அழுதால் உண்மையாகிவிடும் என்று பயம். நீலத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு, வாடகை வண்டி பிடித்துத் தெற்கே போனாள். கடலோரமாக ஊர் ஊராக இறங்கினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் பிணவறையைத் தேடிப் போய் ஒரே கேள்விதான் கேட்டாள். கடலிலிருந்து வந்த யாருடைய சாமானிலாவது சதுரம் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்ததா, மூலையில் மீன் வெட்டியிருக்குமா. எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நான்காவது ஊரில் தவ்ஹீதா என்றொரு பெண்மணி வேலை பார்த்தாள். பெயர் தெரியாமல் வருகிறவர்களின் உடைமைகளை வெயிலில் உலர்த்தி, பையில் போட்டு, எண் ஒட்டி வைப்பது அவள் பொறுப்பு. கேள்வியைக் கேட்டதும் அவள் நசீஹாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள்.

கால்சட்டைப் பையில், நாலாக மடித்து இருந்ததாம். உள்ளே எதையோ சுற்றி வைத்திருந்திருக்கிறான், அது இல்லை. நசீஹா மடிப்பைப் பிரித்தாள். கட்டைவிரல் தானாகவே மூலையைத் தடவியது. மீன்.

தான் கொண்டுவந்த நீலத் தாளை மேஜையில் விரித்து, அதன் மேல் அந்த ஃபிலிமை வைத்தாள். தாளில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் ஃபிலிமில் மை இருந்தது. மற்ற இடமெல்லாம் கடல் கழுவியிருந்தது. ஒரு சதுரம்கூடத் தப்பவில்லை.

மொன்ஜியா அந்தப் பெண்மணியின் தோளில் சாய்ந்து அழுதாள். நசீஹா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்க வெச்சிருக்கீங்க அவனை?”

“ஒலிவ மரத்துக்குக் கீழதான், தங்கச்சி. நானும் கூடப் போயிருந்தேன். நல்லபடியாத்தான் வெச்சோம்” என்றாள் தவ்ஹீதா.

அக்டோபர் முடிவதற்கு முன்பே அவனை அங்கே அடக்கம் செய்திருந்தார்கள். எட்டு மாதமாக அவன் ஒரு எண்ணாகப் படுத்திருந்தான். அக்காள்களின் ரத்தத்தோடு ஒப்பிட்ட பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணை எடுத்துவிட்டுப் பெயர் வைத்தார்கள். மொன்ஜியா குஸ்குஸ் ஆக்கினாள். இந்த முறை நசீஹா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவள் மாடி அறையைத் திறந்தாள். கல்லறைக் கல்லில் பதிக்க அவன் படம் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தாள். வளைவு ஜூனில் திருத்தியபடியே இருந்தது. அவள் அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அதே மை, அதே மருந்து, அதே குழாய்த் தண்ணீர். சோதனை ஃபிலிம் அச்சடித்து, வெயில் காட்டி, அலசி மாட்டினாள்.

சதுரங்கள் அத்தனையும் சரியாக வந்திருந்தன. ஸ்கேனரில் வைத்தால் எண்கள் படிக்கட்டு மாதிரி ஏறின. இந்தத் தொழிலில் எவரும் ஆசைப்படுகிற வளைவு அது.

நசீஹா வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மாடிச் சுவர்வரை பின்னால் போய் நின்று பார்த்தாள். கலைத்துப் போட்ட சதுரங்கள், அவ்வளவுதான். அங்கே யாரும் இல்லை. பத்து மாதம் அழாத அழுகையை அன்று அழுதாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். மருந்து, ஈரப்பதம், துக்கத்தில் கண் செய்யும் மாயம் என்று ஏதாவது. ஆனால் அதற்கடுத்த வாரம் தவ்ஹீதா போன் செய்தாள்.

அன்றைக்கே சொல்ல நினைத்தாளாம், அக்காள் தங்கை இருந்த நிலைமையில் வாய் வரவில்லையாம். அந்தப் பை எட்டு மாதம் அலமாரியில் காய்ந்து கிடந்தது. ஜூனில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பார்த்தால் உள்ளே தண்ணீர் நின்றதாம். மேலே குழாய் இல்லை, பக்கத்துப் பைகளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. துடைத்துப் பை மாற்றினாள். புதன்கிழமை மறுபடி. வெள்ளிக்கிழமை மறுபடி.

“மூணு தடவை பை மாத்தினேன். விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன், தங்கச்சி. தப்பா நினைச்சுக்காத. கடல் தண்ணி மாதிரியே இல்ல. மாத்திரை கரைச்ச மாதிரி ஒரு மருந்து ருசி.”

நசீஹா போனை வைத்தாள். அவன் கிடந்த கடல் இங்கே அவள் கையைக் கழுவிய நேரத்தில், அவள் மருந்துத் தண்ணீர் அங்கே அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தவ்ஹீதா கொடுத்த அந்த ஃபிலிமை அவள் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். நேராகப் போய் அதைத் திறந்தாள். நனைந்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு சொட்டாவது இருக்கும் என்று நினைத்தாள்.

காய்ந்து கிடந்தது.

இப்போதும் அவள் தினமும் மத்தியானத்தில் ஒருமுறை இழுப்பறையைத் திறந்து, விரலால் தடவிப் பார்க்கிறாள். மாடி அறையில் எத்தனை தாள் ஈரமாக இருந்தாலும் கதவைச் சாத்துவதில்லை. பாதித் தாள் பாழாகிறது. நானும் ஒருநாள் கேட்டேன், ஏன் இப்படி என்று. காய்ந்துவிட்டதென்று அவனுக்குத் தெரிய வேண்டாமா என்றாள்.